முப்பத்தைந்து கோவாவும் (முட்டைக்கோஸ்) ஒரே கிழமையில் முற்றிவிட்டன, என்ன செய்வது?

கொட்டகலை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். இது சமையல் கேள்வியா தோட்டக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன்.

எங்களுடையது தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், தொங்கல் காம்பரா. பின்னால் ஓடைக்கரை வரைக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மாமனார் இருக்கும்வரை அவர் பார்த்தார், இப்போது நான். டவுனில் ஒருவர் நாற்று மலிவாகத் தந்தார் என்று ஒரே நாளில் நாற்பது கோவா ஊன்றிவிட்டேன். ஐந்து நத்தைக்குப் போனது, மிச்சம் முப்பத்தைந்தும் பிழைத்து இப்போது பந்து மாதிரி வரிசையாக நிற்கின்றன. போன கிழமை மழைக்கு இரண்டு வெடித்துவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் உச்சியில் கோடாலி போட்ட மாதிரி பிளந்து கிடக்கிறது, உள்ளே வெள்ளை வெளேரென்று குருத்து, பார்க்கவே வயிற்றெரிச்சல்.

அது மட்டும் என்றால் சமாளிக்கலாம். சௌசௌ பந்தல் கழிவறைக் கூரை வரைக்கும் ஏறி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் தருகிறது. இலைக்கு நடுவில் ஒளிந்துகொண்டு, நாம் பார்க்கும்போது குழந்தைத் தலை அளவில் இருக்கும். போஞ்சி இரண்டு நாள் பறிக்காவிட்டால் நாராகிவிடுகிறது. அதுபோக லீக்ஸ் இரண்டு பாத்தி.

விற்கலாம் என்று கேட்டேன். லொறிக்காரர் சொன்ன விலை உரப்பைக்கும் ஏற்றுகூலிக்கும் காணாது. எல்லோர் வீட்டிலும் இதே மரக்கறிதான் இந்த மாதம், பக்கத்துக் காம்பராவுக்கு இரண்டு கோவா கொண்டுபோனால் அவர்கள் எனக்கு ஒரு பை நோக்கோல் தந்து அனுப்புகிறார்கள், நான் போனதை விட பாரத்தோடு திரும்பி வருகிறேன்.

வீட்டில் ஐந்து பேர். பிரிட்ஜ் சின்னது, மேலே உள்ள ஐஸ் பெட்டிக்குள் ஒரு ஐஸ்கிரீம் டப்பாதான் போகும். வீட்டுக்காரருக்குச் சௌசௌ என்றால் ஆகாது, "தண்ணிக்காய்" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். மாமியார் ஒரு இலையைக்கூட வீசவிடமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

எதை முதலில் முடிப்பது, எதை வைத்துக்கொள்ளலாம்? அச்சாறு போட்டால் எத்தனை நாள் இருக்கும்? கோவாவைச் சுண்டலும் பால்கறியுமாக மாறி மாறிச் சாப்பிட்டு பிள்ளைகள் அலுத்துவிட்டார்கள்.


வெலிமடைத் தோட்டக்காரன்

தங்கச்சி, அடுப்புக்குப் போகிறதுக்கு முன்னால் மண்வெட்டியோடு கொஞ்சம் பேசுவோம்.

எல்லாவற்றையும் பறித்துக் குசினியில் குவித்துவிட்டு அப்புறம் யோசிக்கிறதுதான் எல்லோரும் செய்கிற பிழை. நிலத்தில் நிற்கக்கூடியது நிலத்திலேயே நிற்கட்டும். லீக்ஸை மறந்துவிடுங்கள், நம் குளிருக்கு அது இன்னும் ஒன்றிரண்டு மாதம் அப்படியே நிற்கும், தேவைக்கு ஒன்றிரண்டு பிடுங்கினால் போதும். கரட் இருந்தாலும் அதே கதைதான், ஆனால் பிடுங்கிய கரட்டில் இலையை விட்டுவைக்காதீர்கள், இலை கிழங்கில் உள்ள தண்ணியை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டு நாளில் கரட் ரப்பர் மாதிரி வளையும்.

காத்திருக்காதது போஞ்சி. ஒருநாள் விட்டு ஒருநாள் பிஞ்சாகவே பறித்துவிடுங்கள். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும், முற்றவிட்டால் கொடிக்கு விதை கிடைத்துவிட்டது என்று பூப்பதை நிறுத்திவிடும். உங்களுக்கு இப்போது நிற்பதுதான் வேண்டும் என்றால் ஒரு வரிசையை மட்டும் வேண்டுமென்றே முற்றவிடுங்கள். நெற்று காய்ந்து சலசலக்கும்போது உரித்தால் விதைக்கும் ஆச்சு, கறிக்கும் ஆச்சு. கறிக்கு என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு மெத்தென்று வேகவையுங்கள். அரைவேக்காட்டுப் போஞ்சி விதை வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

இனி கோவா. வெடிப்பது எதனால் என்றால், காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று மழை விழுந்ததும் வேர் தண்ணியை அள்ளி அள்ளி மேலே அனுப்புகிறது, வெளி இலை முற்றி விரியமாட்டாமல் இருக்கிறது, உள்ளே குருத்து பெருக்கிறது, பிளக்காமல் என்ன செய்யும்? இறுகி நிற்கிற ஒவ்வொரு கோவாவையும் இரண்டு கையாலும் பிடித்து, போத்தல் மூடி திறக்கிற மாதிரி அரைச் சுற்றுத் திருப்புங்கள். அடியில் மடமடவென்று வேர் அறுகிற சத்தம் கையிலே தெரியும். பாதி வேர் போனால் தண்ணி இழுப்பது குறையும், இன்னும் இரண்டு கிழமை தோட்டத்திலேயே நிற்கும். இன்று பின்னேரமே செய்யுங்கள், மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

வெட்டும்போது வேரோடு பிடுங்காமல் தலையை மட்டும் வெட்டி, அடித்தண்டின் மேல் கத்தியால் ஒரு கூட்டல் குறி கீறிவிட்டால் சின்னச் சின்னக் கோவா நாலைந்து துளிர்க்கும். ஆனால் இதை உங்களுக்குச் சொல்லலாமா என்றுதான் யோசிக்கிறேன்.

அடுத்த முறை நாற்பதையும் ஒரே நாளில் ஊன்றவேண்டாம். இரண்டு கிழமைக்கு எட்டு. நாற்றுக்காரர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் சரி.


பண்டாரவளை அக்கா

உங்கள் வீட்டுக்காரர் மாதிரித்தான் என் தகப்பனாரும். சௌசௌவில் குற்றம் இல்லை, நாம்தான் அதை எப்போதும் தண்ணியில் போட்டு வேகவைத்து, வெந்த தண்ணியோடு தேங்காய்ப்பாலும் ஊற்றி, நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி வைக்கிறோம்.

முதலில் அதில் உள்ள தண்ணியை எடுங்கள். நடுத்தரக் காய் இரண்டைத் தோல் சீவித் துருவிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி, கால்மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுக் கையால் பிழிந்தால் முக்கால் கோப்பை தண்ணி வரும். அந்தத் தண்ணியை வீசாதீர்கள். ரொட்டிக்கு மா குழைக்க அதையே எடுங்கள், உப்பும் அதிலேயே இருக்கிறது. கோதுமை மா, தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பிழிந்த சௌசௌ எல்லாம் சேர்த்துக் குழைத்துத் தடிப்பாகத் தட்டி, ரொட்டிக்கல்லில் சின்ன நெருப்பில் போடுங்கள். ஓரம் கருகக் கருக நன்றாக இருக்கும். மலைக்குக் கட்டிக்கொண்டு போனால் மத்தியானம் வரைக்கும் வறண்டு போகாது, சாதாரண ரொட்டி பத்து மணிக்கே செருப்புத் தோலாகிவிடுகிறதே. இதையே கோவாவிலும் லீக்ஸிலும் செய்யலாம். லீக்ஸ் என்றால் பச்சை இலைப் பக்கத்தையும் சேர்த்து வெட்டுங்கள், கழுவும்போது இலையைப் பிரித்துக் கழுவவேண்டும், இடுக்கில் மண் இருக்கும், பல்லில் நறநறவென்று பட்டால் பிள்ளைகள் அப்புறம் தொடமாட்டார்கள்.

சௌசௌ சீவும்போது கையில் ஒரு பிசின் ஒட்டித் தோல் இழுத்துப் பிடித்துக் காய்ந்து உரியும் பாருங்கள், அதற்குக் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தண்ணிக்குள் வைத்துச் சீவுங்கள். சீவின தோலைச் சுத்தமாகக் கழுவி, கொஞ்சம் எண்ணெயில் காய்ந்த மிளகாயோடு வதக்கி, தேங்காய்ப்பூவும் புளியும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்தால் நல்ல சம்பல். உங்கள் மாமியாருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு: காயைத் தீக்குச்சி அளவில் நீளமாக வெட்டி, தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கடுகு, கறிவேப்பிலை, ரம்பை, வெங்காயம், இடித்த மாசிக் கருவாடு, உறைப்புக்கு மிளகாய்த்துண்டு போட்டு, சௌசௌவைக் கொட்டி, மூடாமல் பெரிய நெருப்பில் பிரட்டி எடுங்கள். மூடினால் திரும்பவும் தண்ணிக்காய்தான். எங்கள் அப்பா இதை லீக்ஸ் என்று நினைத்துச் சாப்பிட்டார், நாங்களும் திருத்தவில்லை.

பந்தல் ரொம்பப் பெருத்துவிட்டது என்றால் நுனிக் கொழுந்தைக் கிள்ளிச் சுண்டுங்கள். காய்க்கிற பூவும் குறையும், ஒரு நேரக் கறியும் ஆச்சு. பீட்ரூட் இலை, நோக்கோல் இலை, முள்ளங்கி இலை எல்லாமே சுண்டலுக்கு ஆகும். கோவாவின் கரும்பச்சை வெளி இலையும்தான், நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு நூல் மாதிரி அரிந்தால்.


ராகலைத் தம்பி

அக்கா, போஞ்சிக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். துண்டாக வெட்டிக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, உப்புத்தண்ணி ஊற்றி, மூடியை இறுக்கி, பெரிய பானையில் போத்தல்களை வைத்து ஒரு மணி நேரம் அவித்தால் ஒரு வருடம் வெளியிலேயே வைக்கலாமாம். வீடியோவில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் செய்து காட்டினார். பிரிட்ஜே தேவையில்லை. நான் இன்னும் செய்து பார்க்கவில்லை, போத்தல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.


ஓய்வுபெற்ற தாதி

ராகலைத் தம்பி, செய்யவேண்டாம். அக்காவும் செய்யவேண்டாம்.

மண்ணில் இருக்கிற ஒரு கிருமி இருக்கிறது, அதன் வித்து கொதிதண்ணியில் சாகாது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் அது முளைத்து நஞ்சு கக்கும். இறுக மூடிய போஞ்சிப் போத்தல் அதற்கு அளவெடுத்துக் கட்டிய வீடு. பொட்டுலிசம் என்பார்கள். பார்வை இரட்டையாகும், நாக்கு குழறும், விழுங்கமுடியாது, மூச்சுத் தசை வரைக்கும் போகும். போத்தலைத் திறந்தால் நாற்றம்கூட வராமல் இருக்கலாம், அதுதான் பயம். அந்த வித்தைக் கொல்ல 121 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், அதற்கென்று அழுத்தம் அளந்து செய்கிற பாத்திரம் வேண்டும். அந்தப் பாட்டியிடம் அது இருந்ததா என்று திரும்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் அவருக்கு இதுவரை அதிர்ஷ்டம்.

இன்னொன்று, நாம் இருப்பது மலையில். கடல்மட்டத்தில்தான் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே, அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் "ஏன் இங்கே பருப்பு வேகமாட்டேன் என்கிறது" என்று கேட்பார்களே, அதுதான் காரணம். அவர்கள் தண்ணியைக் குறை சொல்வார்கள்.

புளிப்பு இருந்தால் அந்தக் கிருமி வளராது. அதனால் வினாகிரி ஊற்றிய அச்சாறுக்கு இந்தப் பயம் இல்லை. எண்ணெயில் ஊறவைத்த பச்சை வெள்ளைப்பூடு, எண்ணெயில் போட்ட மிளகாய் என்று வெளியில் வைப்பதும் போஞ்சிப் போத்தல் மாதிரிதான், பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

அந்த ஐஸ்கிரீம் டப்பா இடத்தைப் போஞ்சிக்குக் கொடுங்கள். கொதிக்கிற தண்ணியில் மூன்று நிமிடம், நம் உயரத்துக்கு ஒரு நிமிடம் கூட, அப்புறம் உடனே பச்சைத்தண்ணியில் கொட்டி ஆறவைத்து, துணியில் ஈரம் ஒற்றி, பொலித்தீன் பையில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். தட்டையாக வைத்தால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலைந்து பை அடுக்கலாம். கரண்ட் போய்க் கரைந்துவிட்டால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள், திரும்ப உறைய விடவேண்டாம்.


ராகலைத் தம்பி

சரி அம்மா, விட்டுவிட்டேன். சேர்த்த போத்தலில் அச்சாறு போடுகிறேன்.


மாத்தளைப் பெரியம்மா

அச்சாறு என்ற பேச்சு வந்ததால் எட்டிப்பார்த்தேன். கடையில் வாங்குகிற அச்சாறு முக்கால்வாசி சீனியும் சிவப்புத் தண்ணியும். வீட்டில் போடுவது வேறு.

கடுகில் தொடங்கவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கடுகை முதல்நாள் இரவே கொஞ்சம் வினாகிரியில் ஊறவைத்துவிடுங்கள், மறுநாள் வெண்ணெய் மாதிரி அரைபடும். தண்ணி விட்டு அரைத்தால் கசப்பு நிற்கும், வினாகிரியிலேயே அரையுங்கள். கூடவே ஒரு பெருவிரல் அளவு இஞ்சி, நாலைந்து பல்லு வெள்ளைப்பூடு, ஒரு தேக்கரண்டி மிளகு. அரைக்கும்போது மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணி வரவேண்டும். வரவில்லை என்றால் கடுகு பழசு.

மரக்கறிக்கு வருவோம். போஞ்சியைப் பிஞ்சாக இரண்டு அங்குலத் துண்டு, கரட் இருந்தால் விரல் மாதிரி, சின்ன வெங்காயம் முழுசாக, பச்சைமிளகாய் நுனி கீறி. வழக்கமாக இதற்குப் பச்சைப் பப்பாசிக்காய் போடுவார்கள், மேலே உங்களுக்கு எங்கே பப்பாசி, அந்த இடத்தில் சௌசௌவைப் போடுங்கள், கடக் கடக்கென்று நன்றாகவே இருக்கும். கோவாவின் தடித்த நடுப்பகுதியும் சேரும், இலை சேராது, சொதசொதவென்று ஆகிவிடும்.

இரண்டு கோப்பை வினாகிரியை இரண்டு தேக்கரண்டி உப்போடு கொதிக்கவைத்து, ஒவ்வொரு மரக்கறியாகப் போட்டு எடுங்கள். வெங்காயமும் மிளகாயும் முக்கி எடுக்கிற நேரம், போஞ்சியும் கரட்டும் ஒரு நிமிடம். வேகக்கூடாது, பச்சை வாடை போனால் போதும். சுளகில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். இதில்தான் அவசரப்படுவார்கள். சூட்டோடு போத்தலில் போட்டால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணி திரும்ப உள்ளே சொட்டி மேலே வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறின பிறகு அரைத்த கடுகு, இரண்டு தேக்கரண்டி சீனி, தேவைக்கு உப்பு போட்டுப் பிசறி, கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் அடைத்து, கொதிக்கவைத்த அந்த வினாகிரியை மரக்கறி மூழ்கும் வரைக்கும் ஊற்றுங்கள். அலுமினியச் சட்டியில் வினாகிரி கொதிக்கவைக்கவேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும், சுவையும் கெடும்.

மூன்று நாள் பொறுங்கள். முதல் நாள் தின்று பார்த்துவிட்டுக் கடுகு கசக்கிறது என்று என்னைத் திட்டவேண்டாம். பிரிட்ஜில் வைத்து, ஈரக் கரண்டி போடாமல் எடுத்தால் ஒன்றிரண்டு மாதம் இருக்கும். எங்கள் வீட்டில் பத்து நாளைத் தாண்டியதில்லை.


கொரியா போய் வந்தவன்

நான் இப்போது மஸ்கெலியாவில். கொரியாவில் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தேன். அங்கே குளிர்காலம் தொடங்குமுன் வீட்டுக்கு வீடு கோவாவை மலை மாதிரி குவித்து உப்பிலும் மிளகாய்த்தூளிலும் ஊறப்போடுவார்கள், கிம்ச்சி. அவர்களுடையது நீளக் கோவா, ஆனால் நம் உருண்டைக் கோவாவை வெறும் உப்பில் புளிக்கவைக்கிற முறை ஜெர்மன்காரர்களிடம் இருக்கிறது, நான் ஊருக்கு வந்து அதைத்தான் செய்கிறேன், மிளகாயும் இஞ்சியும் என் சேர்ப்பு.

ஒரு கிலோ அரிந்த கோவாவுக்கு 20 கிராம் உப்பு, அதாவது உப்புத்தூள் ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள், கண்மதிப்பில் குறைந்துபோனால் அழுகும், கூடினால் வாயில் வைக்கமுடியாது. உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிசைந்தால் கோவா தன் தண்ணியையே விடும். அதை ஒரு ஜாடியில் குத்திக் குத்தி அடைத்து, மேலே ஒரு முழு இலையை மூடி, கழுவின கல் ஒன்றை வையுங்கள். கோவா அதன் தண்ணிக்குக் கீழே கிடக்கவேண்டும், இதுதான் முக்கியம். வெளியே தலை நீட்டினது பூஞ்சணம் பிடிக்கும். மூடியை இறுக்கவேண்டாம், உள்ளே காற்று ஊதும். வெப்பமான ஊரில் இது சீக்கிரம் புளித்துச் சொதசொதவென்று போய்விடும், நம் குளிர்தான் இதற்குச் சரியான குளிர், மெதுவாக மூன்று நாலு கிழமையில் பதமாகும். ஐந்து கோவா ஒரு ஜாடிக்குள் அடங்கிவிடும், அதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வாடை வரும். லயத்தில் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். என் பக்கத்துக் காம்பரா அண்ணன் மூன்றாம் நாள் வந்து "தம்பி, உன் வீட்டில் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா பார்" என்றார். ஜாடியை விறகுக் கொட்டிலில் வையுங்கள்.


மாத்தளைப் பெரியம்மா

புளிச்ச கோவாவைச் சோற்றுக்கு எப்படித் தம்பி சாப்பிடுவது? எனக்கு என்னவோ மனசு வரவில்லை.


கொரியா போய் வந்தவன்

நெத்தலிக் கருவாட்டோடு வெங்காயம் போட்டு வதக்கிப் பாருங்கள் பெரியம்மா. பருப்புக் கறியும் இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம்.


பழைய வாத்தியார்

நம் ஊர் மரக்கறி என்று சொல்கிற கோவா, லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை போட்டு இங்கிலாந்துப் பயிர்களை வளர்த்துப் பார்த்தார். அவருக்கும் இப்படி ஒரே கிழமையில் கோவா முற்றியிருக்கும், ஆனால் அவருக்குச் சமையலுக்கு ஆள் இருந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், மகளே. அவர்களிடமும் அதுதானே இருக்கிறது. மரக்கறி கீழ்நோக்கிப் போகவேண்டும். கொழும்பில், நீர்கொழும்பில் வேலை செய்கிற உங்கள் லயத்துப் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் வாடகை அறையில் இருந்துகொண்டு கோவாவைத் துண்டு துண்டாக நிறுத்து வாங்குகிறார்கள். லீவுக்கு வந்து திரும்புகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. 2022இல் எரிபொருளும் கேஸும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் தோட்டத்திலிருந்து இப்படித்தான் போனது, திரும்பி வரும்போது அதே பையில் கருவாடும் தேங்காயும் வந்தது. வெட்டின கோவாவில் வெளி இலை நாலைந்தை உரிக்காமல் அனுப்புங்கள், அதுதான் அதற்கு உறை. சௌசௌவைத் தனித்தனியே கடதாசியில் சுற்றுங்கள், ஒன்றோடொன்று உரசினால் அந்த இடம் கறுத்துவிடும்.

வெடித்த கோவாவின் மிச்ச இலை மாடு வைத்திருப்பவருக்கு. பால் மாட்டுக்கு அளவோடு போடச் சொல்லுங்கள், அதிகமானால் பாலில் கோவா வாடை அடிக்கும், அந்தப் பாலில் போட்ட தேத்தண்ணியை நான் குடித்திருக்கிறேன்.


கொட்டகலை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கைநிறைய வேலை, எல்லாம் நீங்கள் தந்த வேலைதான்.

வெலிமடை அண்ணன் எழுதின அன்றைக்கே குடையைப் பிடித்துக்கொண்டு போய் எல்லாக் கோவாவையும் திருப்பினேன். அந்த மடமட சத்தம் கேட்டதும் மாமியார் இஸ்தோப்பிலிருந்து "ஏன்டி கழுத்தைத் திருகுற" என்று கத்தினார். ஒன்றை அதிகமாகத் திருப்பித் தலையோடு கையில் வந்துவிட்டது, அன்று இரவுக் கறி அது. மற்றவற்றில் அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் வெடித்தது.

எட்டு கோவா கொழும்புப் பக்கம் போனது. என் கொழுந்தனார் பஸ்ஸில் உரப்பையோடு ஏறமாட்டேன், வெட்கமாக இருக்கிறது என்றார். துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்ததும் ஒன்றும் பேசாமல் கொண்டுபோனார். மறுநாள் இரவு அவர் அறையில் இருக்கிற நாலு பேரும் கோவாவை எப்படி வெட்டுவது என்று வீடியோ கோல் எடுத்தார்கள்.

அச்சாறு போட்டேன். முதல் முறை ஆறவிடாமல் அடைத்துவிட்டேன் பெரியம்மா, எழுதியிருந்தும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாலாம் நாள் நீங்கள் சொன்ன அதே வெள்ளைப் பூஞ்சணம், மாமியாருக்குத் தெரியாமல் ஓடைக்குப் பின்னால் புதைத்தேன். இரண்டாம் முறை சுளகில் போட்டு ஒரு மத்தியானம் முழுக்க ஆறவைத்தேன். சௌசௌ துண்டைத்தான் பிள்ளைகள் தேடி எடுத்துத் தின்கிறார்கள், போஞ்சி அடியில் கிடக்கிறது.

புளிக்கிற கோவா ஒரு ஜாடி விறகுக் கொட்டிலில் இருக்கிறது. இன்றைக்குப் பதினெட்டாம் நாள். கொப்புளம் வருவது நின்றுவிட்டது, சுவை இன்னும் அரைகுறைப் புளிப்பு. வாடை பரவாயில்லை, மழைக்காலத்தில் கொட்டிலில் இருக்கிற வாடையை விட மோசமில்லை. இன்னும் இரண்டு கிழமை விடலாமா?

சௌசௌ ரொட்டியை வீட்டுக்காரர் மூன்று நாள் தொடர்ந்து மலைக்குக் கொண்டுபோனார். நாலாம் நாள் பந்தலுக்குக் கீழே நின்று நான் துருவுவதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரொட்டிக்குக் கட்டைச்சம்பல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார், அவ்வளவுதான்.

பதினொரு கோவா இன்னும் நிற்கிறது.


கொரியா போய் வந்தவன்

விடலாம் அக்கா. தண்ணிக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால் ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணிக்கு 20 கிராம் உப்பு என்ற கணக்கில் கரைத்து ஊற்றுங்கள்.


வெலிமடைத் தோட்டக்காரன்

பதினொன்றுக்கு அவசரம் இல்லை. மழை விட்ட நாளாகப் பார்த்து வேரோடு பிடுங்கி, விறகுக் கொட்டில் உத்திரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள், ஒன்றோடொன்று முட்டாமல். வெளி இலை வாடிக் கடதாசி மாதிரி ஆகும், உள்ளே ஒன்றும் ஆகாது. அந்த ஜாடிக்கு நேர் மேலே மட்டும் கட்டவேண்டாம்.


ராகலைத் தம்பி

அக்கா, எங்கள் வீட்டில் சௌசௌ கொடி இல்லை. முளைவிட்ட காய் ஒன்று இருந்தால் தருவீர்களா, அடுத்த ஞாயிறு ஹட்டனுக்கு வருகிறேன்.


கொட்டகலை மருமகள்

அடுப்படி மூலையில் ஆறு முளைத்துக் கிடக்கிறது, கொடி ஒரு முழம் நீண்டுவிட்டது. ஆறையும் எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. முழுக் காயாகவே, முளை மேலே இருக்கிற மாதிரி சாய்த்துப் பாதி புதைத்தால் போதும். பை கொண்டுவராதீர்கள், என்னிடம் இருக்கிறது, கூட இரண்டு கோவாவும் இருக்கும்.